பனியில் எடுத்த படமெல்லாம் சாம்பலாக வருகிறது: குல்மார்கில் இருக்கிறேன், உதவுங்கள்

தென்காசித்தூறல் | வியாழன், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு காஷ்மீரில் குல்மார்க் வந்திருக்கிறேன். அம்மாவுக்கு 64 வயது. பனியைக் கையால் தொட்டது இன்றுதான் முதல் முறை. ஒரு கை அள்ளி எடுத்து, அது விரலிடுக்கில் உருகி ஓடும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் கேமராவைச் சுமந்து வந்தேன்.

அறைக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் மனசே விட்டுப்போயிற்று. பனி முழுக்க சிமெண்ட் நிறத்தில் இருக்கிறது. அம்மாவின் முகம் இருண்டு, கண் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் நேரில் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு வெளிச்சம்!

விவரம்: காலை 11 மணி, நல்ல வெயில். ஏ மோடு (லென்ஸ் துளையான அப்பர்ச்சரை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா எடுத்துக்கொள்ளும்), எஃப்/8, ஐஎஸ்ஓ 200. கேமரா தானாக எடுத்துக்கொண்ட ஷட்டர் 1/3200. மேட்ரிக்ஸ் மீட்டரிங் (சட்டகம் முழுவதையும் சேர்த்து அளப்பது), ஜேபெக் மட்டும். குளிரில், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் கெட்டுப்போகுமா? இன்னும் இரண்டு நாள் இங்கேதான் இருப்போம். நாளைக்காவது ஒழுங்காக எடுக்க வேண்டும்.

கல்யாணக்கேமரா | இரவு 9.10

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா, கவலைப்படாதீர்கள். அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலையைத்தான் அது செய்திருக்கிறது.

உள்ளே இருக்கிற மீட்டருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள்தான் அதன் கணக்கில் உலகம். புதுப்பனியோ 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்தவுடன் "அடேயப்பா, வெளிச்சம் கூடிப்போச்சு" என்று முடிவுகட்டி, ஷட்டர் வேகத்தை ஏற்றி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உங்கள் 1/3200 அப்படி வந்ததுதான்.

பனியை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் இந்தத் தொல்லையோடு பன்னிரண்டு வருடமாகப் பிழைக்கிறேன். முகூர்த்த நேரத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் மாமன் மச்சான் எட்டுப் பேர் வரிசையாக நின்றால், வேட்டி அழுக்காகவும் முகங்கள் அதைவிட இருட்டாகவும் வரும். அப்போது காம்பன்சேஷனை (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாம் கூட்டிக் குறைக்கிற ப்ளஸ் மைனஸ் பட்டன்) ப்ளஸ் பக்கம் தள்ளுவேன். கோயில் மண்டபத்தில் கருங்கல் தூண் முன்னால் நிறுத்தினால் நேர்மாறு: கல் வெளிறிப்போகும், மைனஸ் பக்கம் தள்ள வேண்டும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. முதல் தடவை கேட்கிறபோது தலைகீழாகத் தோன்றும், இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

நிழல்வெளி | இரவு 9.22

ப்ளஸ் 2 வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பனி என்றால் ப்ளஸ் 2. நான் மணாலியில் அப்படித்தான் எடுத்தேன்.

தென்காசித்தூறல் | இரவு 9.30

நன்றி தம்பி, வேட்டி உதாரணத்தில் சட்டென்று புரிந்தது. ஒரு சந்தேகம். இன்று மதியம் எம் மோடில் வைத்து ப்ளஸ் மைனஸ் பட்டனை அழுத்தி டயலைத் திருப்பிப் பார்த்தேன். எண் மாறியது, படம் மாறவே இல்லை. அதனால்தான் கேமரா பழுதோ என்று பயந்தேன்.

கல்யாணக்கேமரா | இரவு 9.36

எம் மோடில் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே பூட்டிவிட்டால் காம்பன்சேஷன் மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பெரும்பாலான கேமராக்களில் மீட்டர் முள் மட்டும் நகரும். ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் ஐஎஸ்ஓ மாறும், படமும் மாறும். ஏ மோடில் வைத்துத் திருப்புங்கள், ஷட்டர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

பனிச்சிறுத்தைப்பித்தன் | இரவு 10.05

நிழல்வெளி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. வெயிலில் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கோடு கண்ணை மூடிக்கொண்டு ப்ளஸ் 2 போட்டால், பனியின் மேல்பரப்பில் இருக்கிற மணல்மணலான நெளிவு, காற்று கிழித்த கோடு, காலடித் தடத்தின் விளிம்பு எல்லாம் போய் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். சாம்பலாக வந்ததை ஓரளவுக்கு மீட்கலாம். வெந்துபோன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது, அங்கே பதிவான விவரமே கிடையாது.

இமாசலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமத்துக்கு இரண்டு குளிர்காலம் போயிருக்கிறேன். 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். முதல் வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எதிர்ச்சரிவில் ஐபெக்ஸ் என்கிற காட்டு மலையாட்டுக் கூட்டம், வெயில், ஏ மோடு, ப்ளஸ் 1.3. படங்கள் அருமையாக வந்துகொண்டிருந்தன. அப்போது ஊர் நாய் ஒன்று, கன்னங்கரேலென்று, எனக்கு முன்னால் வந்து நின்று சரிவைப் பார்த்தது. அழகான காட்சி. ஏழெட்டுப் படம் எடுத்தேன். நாய் சட்டகத்தில் பாதியை அடைத்துக்கொண்டதால் மீட்டர் "இருட்டு" என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டியது, நான் வைத்த ப்ளஸ் 1.3 அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. நாயின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. பின்னால் மலையே இல்லை! போன நாயைத் திரும்ப வந்து நிற்கச் சொல்லவும் முடியவில்லை.

வெயில் மாறவில்லை, நான் வைத்த சட்டகம்தான் மாறியது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கிறபோது எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவு, எதற்கு ஆட வேண்டும்? அடுத்த வருடத்திலிருந்து எம் மோடுதான். காலையில் இடத்துக்குப் போனதும் இதைச் செய்வேன்:

வெயில் நேராக விழும் பனியில், மிக வெளிச்சமான பகுதியால் சட்டகத்தை நிரப்பி ஒரு படம். திரையில் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கி வைத்திருப்பேன், வெந்துபோன இடம் கண்சிமிட்டிக் காட்டும். சிமிட்டாவிட்டால் ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கி இன்னொரு படம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி; காம்பன்சேஷனில் 1 என்பதும் அதுதான்). சிமிட்டத் தொடங்கியதும் ஒரு படி பின்வாங்குவேன். அந்த எண்ணைப் பூட்டிவிட்டு, மேகம் வரும்வரை மீட்டர் பக்கமே திரும்ப மாட்டேன். சென்ற முறை எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/2500. நாய் வந்தாலும் யாக் வந்தாலும் பனி பனியாகவே இருந்தது.

பனிப்படிகம் வெயிலில் மின்னுகிற ஊசிமுனைப் புள்ளிகள் சிமிட்டினால் பொருட்படுத்த வேண்டாம், அவை வெந்துதான் ஆகும். பெரிய திட்டாகச் சிமிட்டினால் மட்டும் குறையுங்கள்.

இன்னொன்று. அங்கே திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுற்றிலும் கண்ணைக் குத்தும் வெளிச்சத்தில் எந்தப் படமும் இருட்டாகத்தான் தெரியும், அதை நம்பி மேலும் மேலும் கூட்டுவீர்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்தே போகும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் அது. பனிக்கான குவியல் வலது ஓரத்தை நெருங்கி நிற்க வேண்டும், சுவரில் மோதி ஏறக் கூடாது.

ஸ்காபரோவாசி | இரவு 10.40

தங்கச்சி, நான் கனடாவில் இருக்கிறேன். எங்களுக்கு இது வருடத்தில் நாலு மாதப் பிரச்சினை. ஸ்னோ கொட்டிய மறுநாள் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து எடுத்தே பழகினேன்.

மேலே சொன்னதெல்லாம் பனிக்குச் சரி. உங்களுக்கு வேண்டியது அம்மாவின் முகம் அல்லவா? நம்முடைய மாநிறத்துக்கும் பனிக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் பெரிது. பனியைக் காப்பாற்றினால் முகம் இருளும், முகத்தைக் காப்பாற்றினால் பனி வேகும். அந்த இழுபறியைக் குறைக்க நீங்கள் அம்மாவை நிறுத்தும் இடம்தான் உதவும்.

நேர் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். தொப்பி விளிம்பின் நிழல் கண்ணில் விழும், கண்ணும் சுருங்கும். வெயில் பக்கவாட்டில் இருக்கட்டும், அம்மாவின் முன்னால் தரையில் மிதிபடாத, வெயில்பட்ட பனி இருக்கட்டும். அந்தப் பனியே கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். ஸ்டுடியோவில் வெள்ளைத் தட்டி பிடிப்பார்களே, அதே வேலை. தாடைக்குக் கீழேயும் கண்குழியிலும் இருக்கிற இருட்டு நன்றாகக் கரையும். சேறும் மிதித்த பனியுமாக இருக்கிற இடத்தில் இது கிடைக்காது. இரண்டடி நகர்ந்து நின்றாலே வித்தியாசம் தெரியும், செய்து பாருங்கள்.

பிறகு முகத்துக்கு ஏற்ற மாதிரி வைத்து, பின்னால் தூரத்துப் பனி கொஞ்சம் வெந்தாலும் விடுங்கள். மலையின் நெளிவைத் தனியாக வேறு படத்தில் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் முகம் தெரியாத படத்தை வைத்து என்ன செய்ய?

பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். இன்னொன்றை உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். அறைக்குள் போகுமுன் வெளியிலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே போய் அது அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் மேலும் உள்ளேயும் வியர்த்துக் கொட்டும். மெமரி கார்டைக் கட்டுவதற்கு முன்பே கழற்றிக்கொள்ளுங்கள், படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்க மாட்டீர்கள்.

மொபைல்மட்டும் | இரவு 10.52

கேமரா இல்லாதவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? பிப்ரவரியில் உத்தரகண்டில் அவுலி போகிறோம்.

கல்யாணக்கேமரா | இரவு 10.58

உண்டு. திரையில் முகத்தையோ பனியையோ தொட்டால் பக்கத்தில் சூரியக் குறியோ ஒரு கோடோ வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் பூட்டிக்கொள்ளும், அப்புறம் சட்டகத்தை மாற்றினாலும் ஆடாது.

ஃபிலிம்ரோல் | இரவு 11.20

நான் ஊட்டிக்காரன். எங்கள் ஊரில் விழுவது உறைபனி. மார்கழி, தை விடியலில் தலைக்குந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் போய்விடும். அதற்கும் குல்மார்க் பனிக்கும் ஒரே அளவைச் சொல்லக் கூடாது. உறைபனிக்குக் கீழே புல்லின் பச்சையும் பழுப்பும் தெரிவதால் மொத்தக் காட்சி அவ்வளவு வெள்ளை இல்லை. ப்ளஸ் 0.7 எனக்குப் போதும். அதற்கே ப்ளஸ் 2 போட்டு, ஓரங்களில் ஊசிபோல நிற்கிற படிகங்களைத் தொலைத்த படங்களை நிறையப் பார்க்கிறேன்.

இப்போது பனிக்கு ப்ளஸ் 2 போடலாமா கூடாதா என்கிற விவாதத்துக்கு வருகிறேன். நிழல்வெளி, பனிச்சிறுத்தைப்பித்தன் இருவரும் சொல்வது சரி. வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரால் பனியை மட்டும் தொட்டு அளந்தால் ப்ளஸ் 2 சுற்றித்தான். 18 எங்கே, 90 எங்கே? அது ஐந்து மடங்கு, இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேலே. 1983இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-4 என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் ஹைலைட் என்று ஒரு பட்டன். பனியை ஸ்பாட்டில் அளந்து அதை அழுத்தினால் அதுவாகவே இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்ளும். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சத்தைப் படிகளாகப் பிரிக்கிற ஸோன் முறையிலும் இதே எண்ணம்தான்: நடுச்சாம்பல் ஐந்தாம் ஸோன், நெளிவு தெரிகிற பனி ஏழு எட்டில் உட்கார வேண்டும்.

மேட்ரிக்ஸ் அப்படி அளப்பதில்லை. வானம், தேவதாரு மரம், ஆட்களின் உடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இன்றைய கேமராக்கள் "இது ரொம்ப வெளிச்சமான காட்சி" என்று ஊகித்துத் தாமாகவே கொஞ்சம் கூட்டியும் வைக்கின்றன. அதன்மேல் நீங்களும் இரண்டு கூட்டினால் வெந்துபோகும். அதனால் மேட்ரிக்ஸுக்கு ப்ளஸ் 1 சுற்றித் தொடங்கி ஹிஸ்டோகிராம் பார்த்து நகர வேண்டும். மேகமூட்டமான நாளில், சட்டகம் முழுக்கப் பனியாக இருந்தால் மட்டும் 1.7, 2 வரை தாராளமாகப் போகலாம். வெயில் மின்னல் இல்லாததால் வேகிற பயம் குறைவு.

மீட்டரே வேண்டாம் என்றாலும் கணக்கு உண்டு. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ். உங்கள் ஐஎஸ்ஓ 200க்கு 1/200. எஃப்/8 என்றால் இரண்டு ஸ்டாப் திறப்பு, ஆகவே 1/800. பனியும் கடற்கரை மணலும் என்றால் ஃபிலிம் காலத்தில் எஃப்/22 என்பார்கள், ஒரு ஸ்டாப் குறைவு. உங்கள் எஃப்/8இல் அது 1/1600. உங்கள் கேமரா வைத்ததோ 1/3200. ப்ளஸ் 1 வைத்தால் இந்த விதிக்கு வருகிறீர்கள், ப்ளஸ் 1.3 என்றால் 1/1250, ப்ளஸ் 2 என்றால் 1/800. நாளைக் காலை 1/1250இல் தொடங்குங்கள் என்பது என் யோசனை.

நிழல்வெளி | இரவு 11.41

ஃபிலிம்ரோல் ஐயா சொன்னபிறகு என் மணாலிப் படங்களைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளும் மேகமூட்டம், மீட்டரிங் ஸ்பாட். எனக்கு ப்ளஸ் 2 சரியாக வந்ததன் காரணம் இப்போதுதான் தெரிகிறது. வெயிலுக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிக்கவும் சகோதரி.

உப்பளத்தான் | வெள்ளி, காலை 6.15

ஊருக்குத் திரும்பியபிறகு மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். தூத்துக்குடி வாருங்கள். உப்பு வாரிக் குவிக்கிற காலத்தில் பாத்தி ஓரம் முழுக்க அம்பாரம் அம்பாரமாக வெள்ளை. உச்சி வெயிலில் நின்றால் பனிக்காட்டில் நிற்கிற அதே கூச்சம். அதன் முன்னால் கறுத்த முகத்தோடு வேலை செய்கிறவர்களை எடுத்துப் பழகினால், நீங்கள் இப்போது கேட்கிற அத்தனை கேள்விக்கும் கையே பதில் சொல்லும். கேட்டு, அனுமதி வாங்கி எடுங்கள். வெயிலில் கால் வெடித்து நிற்பவர்கள் அவர்கள்.

உள்ளங்கை வழி ஒன்றும் உண்டு. அம்மா நிற்கிற அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி ஸ்பாட்டில் அளங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சம். ஒரு ஸ்டாப் கூட்டினால் சரியாக வரும். எந்த நிறத்தவர் என்றாலும் உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கையுறையைக் கழற்ற வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

தென்காசித்தூறல் | வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இன்று எம் மோடு, எஃப்/8, ஐஎஸ்ஓ 200, 1/1250, ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பிளஸ் ஜேபெக். முதல் படத்திலேயே பனி வெள்ளை! 1902இல் கட்டிய செயின்ட் மேரீஸ் தேவாலயம் மேட்டின் மேல் இருக்கிறது. அதன் சாம்பல் கல்லுக்கும் பனிக்கும் இப்போது வேறுபாடு தெரிகிறது. நேற்று இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

ஸ்காபரோ அண்ணன் சொன்னபடி அம்மாவை மிதிபடாத பனிக்கு எதிரே நிறுத்தினேன். முதலில் குதிரைகள் நின்று கலைத்த இடத்தில் ஒன்று, பிறகு நாலடி தள்ளி ஒன்று. இரண்டாவதில் அம்மாவின் மூக்குத்திக்குக் கீழே இருக்கிற மடிப்புக்கூடத் தெரிகிறது. எண் எதையும் மாற்றவில்லை!

ஒரு கேள்வி. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போனபிறகு எடுத்ததெல்லாம் நீலம் பூசினாற்போல் இருக்கிறது. பகலிலும் நிழல் விழுந்த இடம் நீலம். இதுவும் எக்ஸ்போஷர் தப்பா?

பனிச்சிறுத்தைப்பித்தன் | இரவு 8.40

இது வேறு விஷயம், ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த நிற வெளிச்சத்தில் எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்வது. நிழலில் இருக்கிற பனிக்கு வெயில் கிடையாது, நீல வானம் மட்டும்தான் விளக்கு. வானத்தின் நீலத்தை அது அப்படியே காட்டுகிறது. ரா இருப்பதால் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆனால் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். நிழல் பனியைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் சரி செய்தால் வெயில் பனி மஞ்சளாகிப்போகும். வெயில் பனியை வைத்துச் சரி செய்யுங்கள், நிழலில் நீலம் இருக்கட்டும். அந்த நீலம்தான் குளிரைச் சொல்கிறது.

எக்ஸ்போஷரோடு ஒரு தொடர்பு உண்டு. பனி நீலமாக இருக்கிறபோது நீலச் சேனலும், அந்தி நேரத்தில் சிவக்கிறபோது சிவப்புச் சேனலும் முதலில் வேகும். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணக்கேமரா | இரவு 8.58

அக்கா, முதல் நாள் ஜேபெக் படங்களை அழித்துவிடாதீர்கள். எடிட்டிங் மென்பொருளின் கர்வ்ஸில் வெள்ளைப் புள்ளியை உள்ளே இழுத்து, பனி (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில்) 235 சுற்றி வரும்வரை ஏற்றுங்கள். முகத்தைத் தனியாகப் பிரஷ் வைத்துத் தூக்குங்கள். ஜேபெக்கில் 256 படிதான், அதனால் வானத்தில் கொஞ்சம் பட்டை பட்டையாக வரலாம். அம்மா முதன்முதலாகப் பனியை அள்ளிய படம் அது, வானம் எப்படி இருந்தால் என்ன. கோப்பை எனக்கு அனுப்புங்கள், நானே செய்து தருகிறேன்.

தென்காசித்தூறல் | சனி, பிற்பகல் 3.30

அனுப்பிவிட்டேன் தம்பி.

இன்று காலையிலிருந்து பனி கொட்டுகிறது. வெயிலே இல்லை. ஃபிலிம்ரோல் ஐயா சொன்னது நினைவில் இருந்ததால் ப்ளஸ் 1.7 வரை போனேன். எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/500. எதுவும் வேகவில்லை, விழுகிற துகள்கள் தேவதாருவின் கரும்பச்சைக்கு முன்னால் புள்ளி புள்ளியாக நிற்கின்றன.

அப்புறம் அம்மா தன் கறுப்புச் சால்வையின் மேல் விழுந்த ஒரு துகளைக் காட்டினார். ஆறு கிளையும் தெளிவாக, பூக்கோலம் போல. மேக்ரோ லென்ஸ் மாற்றி நெருங்கி எடுத்தேன். சட்டகம் முழுக்கச் சால்வை. படத்தில் சால்வை சாம்பலாகவும் துகள் வெறும் வெள்ளைப் பொட்டாகவும் வந்தது. ஒரு நொடி குழம்பினேன். பிறகு தம்பி சொன்ன கருங்கல் தூண் நினைவுக்கு வந்தது. டயலைத் திருப்பி மைனஸ் 1 வைத்தேன். அதற்குள் முதல் துகள் உருகிவிட்டது, நாலாவது துகளில் கிடைத்தது.

ஃபிலிம்ரோல் | மாலை 4.05

அபாரம் அம்மா. உங்களைப் போலவே பனித்துகளைக் கறுப்பின் மேல் காட்ட ஆசைப்பட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்கிற ஊரில் வில்சன் பெண்ட்லி என்ற விவசாயி. 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி முதல் துகளைப் படமெடுத்தார், வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். பின்புலம் கறுப்பாக வர, நெகட்டிவில் துகளைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுப்பார், ஒவ்வொன்றுக்கும். உங்களுக்கு அம்மாவின் சால்வை இருந்தது. படத்தை இங்கே ஏற்றுங்கள், பார்க்க வேண்டும்.

தென்காசித்தூறல் | மாலை 4.20

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "கத்தியாலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். கார்டை மறந்து கேமராவோடு சேர்த்துப் பையில் கட்டிவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள், பையைத் திறந்ததும் ஏற்றுகிறேன்.